கடவுள் நம்பிக்கை களத்தில் என்ன செய்கிறது?

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடகளப் பயிற்சி கொடுக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "என்னிடம் வருகிறவர்களில் சிலர் ரமலானில் நோன்பு வைக்கிறார்கள். சிலர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு வர மாட்டேன் என்கிறார்கள். கார்த்திகை பிறந்தால் இரண்டு பேர் மாலை போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் வந்து நிற்கிறார்கள். உலக அளவில் ஆடுகிறவர்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள்? கடவுள் நம்பிக்கை ஒரு வீரருக்கு உண்மையிலேயே உதவுகிறதா, இல்லை இடைஞ்சலா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடவுள் நம்பிக்கை யாரையும் வேகமாக ஓட வைப்பதில்லை. இறுதிப் போட்டிக்கு வந்து நிற்கும் எட்டுப் பேரில் பலரும் கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள், தங்கம் ஒருவருக்குத்தான். ஆனால் ஜெயித்தாலும் தோற்றாலும் தன் மதிப்பு குறையாது என்ற உறுதியை அது ஒருவருக்குக் கொடுக்க முடியும். அந்த உறுதி உள்ளவரின் உடம்பு முக்கியமான நேரத்தில் இறுகிப் போவதில்லை. பதிலுக்கு அந்த நம்பிக்கை சிலவற்றை விட்டுக்கொடுக்கச் சொல்லும். சில வீரர்களிடம் மிகப் பெரியதையே கேட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே ஆரம்பிப்போம். எரிக் லிடெல் என்ற ஸ்காட்லாந்து ஓட்டக்காரரின் கதையைப் பலரும் ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தில் பார்த்திருப்பார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஓய்வுநாளில் ஓட மாட்டேன் என்று அவர் விலகிவிடுகிறார். படத்தில் இந்த விஷயம் அவர் கப்பலேறும்போது தெரியவருவதாகக் காட்டுவார்கள். உண்மையில் அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே வெளியாகிவிட்டது. எனக்கு இந்த வித்தியாசம் பெரிதாகப் படுகிறது. கடைசி நேரத்தில் உணர்ச்சிவசப்பட்டு எடுத்த முடிவல்ல அது. 100 மீட்டரையும் இரண்டு தொடர் ஓட்டங்களையும் விட்டுவிட்டு, மாதக்கணக்கில் 200, 400 மீட்டருக்குத் தயாரானார். 1923-ல் 100 கஜத்தை 9.7 விநாடியில் ஓடியவர் அவர். குறுகிய ஓட்டம்தான் அவர் கோட்டை. பத்திரிகைகளும் அதிகாரிகளும் கொடுத்த நெருக்கடிக்கு அவர் மசியவில்லை.

200 மீட்டரில் வெண்கலம் கிடைத்தது. ஜூலை 11 அன்று 400 மீட்டர் இறுதிப் போட்டி. அன்று காலை அணியின் மசாஜ்காரர் அவர் கையில் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார். ‘என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்’ என்ற 1 சாமுவேல் வசனத்தின் சாரம் அதில் இருந்தது. லிடெலுக்கு விழுந்தது கடைசி வெளிப்பாதை. அங்கே ஓடுகிறவருக்கு முன்னால் யாரும் தெரியமாட்டார்கள், எதை வைத்து வேகத்தைக் கணிப்பது என்றே தெரியாது. வழக்கம் போல மற்ற போட்டியாளர்களிடம் போய்க் கைகுலுக்கிவிட்டு வந்து நின்றார். முதல் 200 மீட்டரை 22.2 விநாடியில், குறுகிய ஓட்டம் மாதிரியே ஓடினார். பார்த்தவர்கள் எல்லாம் இவர் கடைசியில் சுருண்டுவிடுவார் என்றே நினைத்தார்கள். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தபடி, அதே ஓட்டமாக வந்து 47.6 விநாடியில் முடித்தார், உலக சாதனை. இரண்டாவதாக வந்த அமெரிக்கர் ஃபிட்சுக்கு 48.4.

இதோடு கதையை நிறுத்திவிட்டால் ‘கடவுளை மதித்தார், கடவுள் தங்கம் கொடுத்தார்’ என்று ஆகிவிடும். ஆனால் மிச்சக் கதையும் இருக்கிறது. 1925-ல், ஓட்டத்தின் உச்சத்தில் இருந்தபோதே, தான் பிறந்த சீனாவுக்கு மிஷனரியாகப் போய்விட்டார். போரின்போது ஜப்பானியர் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே இருந்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பொறுப்பாளர் இல்லாமல் ஹாக்கி ஆடி அடித்துக்கொண்டார்கள். லிடெல் யோசித்துப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையே நடுவராக வந்து நின்றார். ஒலிம்பிக் தங்கத்துக்காக விட்டுக்கொடுக்காத நாளைச் சண்டையிடும் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். 1945 பிப்ரவரியில், 43 வயதில், மூளைக்கட்டியால் அந்த முகாமிலேயே இறந்துபோனார். இவருடைய பிடிவாதத்தைப் புகழ்கிறவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

லிடெலுக்கு எழுபது ஆண்டுகள் கழித்து அதே ஞாயிற்றுக்கிழமைச் சிக்கலில் நின்றவர் இங்கிலாந்தின் மும்முறைத் தாண்டல் வீரர் ஜொனதன் எட்வர்ட்ஸ். உங்கள் கேள்விக்கு இவரை விடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரிந்து இல்லை. நம்பிக்கை ஒரு வீரருக்கு என்னென்ன செய்யும் என்பது எல்லாமே இவர் ஒருவர் வாழ்க்கையில் நடந்திருக்கிறது. பாதிரியாரின் மகன். 1991 டோக்கியோ உலகச் சாம்பியன்ஷிப்பில் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் போகவே இல்லை. 1993-ல் நிறைய யோசித்து, ஜெபித்து, கடவுள் கொடுத்த திறமையை அந்த நாளிலும் பயன்படுத்தலாம் என்ற முடிவுக்கு வந்தார்.

1995 ஆகஸ்ட் 7, ஸ்வீடனின் கோத்தன்பர்க். அதுவரை விதிக்குட்பட்ட காற்றில் யாரும் 18 மீட்டரைத் தொட்டதில்லை. சில வாரங்களுக்கு முன் எட்வர்ட்ஸே தாண்டிய 17.98 மீட்டர்தான் உலக சாதனை. முதல் முயற்சியிலேயே 18.16. அரங்கம் அந்த ஆரவாரத்திலிருந்து மீளுமுன் இரண்டாவது முயற்சியில் 18.29. அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள். குளத்தில் வீசிய ஓட்டாஞ்சில்லு தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போகுமே, அப்படிப் போகிறார். மும்முறைத் தாண்டலில் பொதுவாக ஒவ்வொரு காலடியிலும் உடம்பு தரையில் ‘தொம்’மென்று இறங்கி வேகத்தை இழக்கும். இவரிடம் எங்கேயும் முட்டலும் இல்லை, முக்கலும் இல்லை. முப்பது ஆண்டுகள் ஆகியும் அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 17.71 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அன்று அவர் பையில் ஒரு மத்தி மீன் டப்பா இருந்தது. இயேசு ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் பெருக்கிய அற்புதத்தை நினைவில் வைத்துக்கொள்வதற்காக.

2003-ல் ஓய்வு பெற்றார். பிபிசியில் பக்திப்பாடல் நிகழ்ச்சி தொகுத்து வழங்கியவர். 2007-ல் தனக்கு இனிக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். வீரர் என்ற அடையாளம் போனபின், அதுவரை தன்னிடமே கேட்காத கேள்விகளைக் கேட்க ஆரம்பித்ததாக அவர் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: முடிவு கடவுள் கையில் என்று நம்பியதுதான் போட்டி நேரத்தில் தனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, விளையாட்டு உளவியலாளர்கள் செய்கிற வேலையைத் தன் நம்பிக்கை செய்தது என்று.

இதைக் கேட்டதும் ஒரு தரப்பு ‘பார்த்தீர்களா, எல்லாம் மனப்பிரமைதான்’ என்று குதிக்கும். இன்னொரு தரப்பு ‘பணமும் புகழும் அவரைக் கெடுத்துவிட்டது’ என்று வருத்தப்படும். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். எட்வர்ட்ஸ் சொன்னது நம்பிக்கை உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைப் பற்றி. அது உண்மையான கடவுளைப் பற்றியதா என்ற கேள்விக்கு ஒரு மும்முறைத் தாண்டல் வீரரின் தூரம் பதில் சொல்லாது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். பல்லாயிரம் முறை செய்து பழகிய ஓர் அசைவை உடம்பு தானாகவே செய்யும். நெருக்கடி வந்ததும், ‘இது போய்விட்டால் நான் என்ன ஆவேன்’ என்ற பயத்தில் மனசு உள்ளே புகுந்து காலை எங்கே வைக்கிறோம், கை எங்கே போகிறது என்று கண்காணிக்க ஆரம்பிக்கும். அந்தக் கண்காணிப்பே அசைவைக் குலைத்துவிடும். முடிவை வேறொரு கையில் ஒப்படைக்கத் தெரிந்தவருக்கு இந்தக் கண்காணிப்பு குறைகிறது. பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொல்வதும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்பைச் சாட்டு என்று நபிமொழி சொல்வதும் இதே இடத்தைத்தான் தொடுகின்றன. ஒட்டகத்தைக் கட்ட வேண்டும் என்பதையும் கவனியுங்கள். பயிற்சியை யாரும் கடவுளிடம் விட்டுவிட முடியாது.

அப்புறம் பழக்கத்தின் பலம். நம்ம சதுரங்க வீரர் குகேஷ் ஆட்டம் தொடங்குமுன் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரக்ஞானந்தா நெற்றி நிறையத் திருநீறோடு வந்து உட்காருவார். எங்கே ஆடினாலும், எதிரே யார் இருந்தாலும், ஒரே வரிசையில் செய்கிற ஒரு சின்னச் செயல் மூச்சைச் சீராக்கும், மனசைப் பலகைக்குக் கொண்டுவரும். ராசியான சாக்ஸ் போடுகிறவருக்கும் ஓரளவு இது கிடைக்கும்தான். ஆனால் சாக்ஸ் தொலைந்தால் அவர் கதை முடிந்தது. பிரார்த்தனை தொலையாது, தோற்ற அன்று ராத்திரியும் கூடவே இருக்கும்.

ஆனால் ஒரு பெரிய வெற்றியைப் பார்த்துவிட்டு உடனே நம்பிக்கையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பாகிஸ்தானின் முகமது யூசுஃப் கிறிஸ்தவராக இருந்து 2005-ல் இஸ்லாத்துக்கு மாறினார். அடுத்த ஆண்டே டெஸ்டில் 1788 ரன், 9 சதம். ஓராண்டில் அதிக ரன் என்ற விவியன் ரிச்சர்ட்ஸின் முப்பது ஆண்டுச் சாதனை போயிற்று. மனம் அமைதியானதே காரணம் என்று அவர் சொன்னால் நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மதம் மாறுமுன்பும் அவர் உலகத் தரமான ஆட்டக்காரர்தான், முப்பதைத் தாண்டிய அனுபவமும் சேர்ந்திருந்தது.

நோன்புக்கு வருகிறேன். உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது இதுதான். நைஜீரியாவில் பிறந்து ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்குக் கூடைப்பந்து ஆடிய ஹக்கீம் ஒலாஜுவான் விடியுமுன் பேரீச்சம்பழமும் நிறையத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, பகல் ஆட்டமாக இருந்தாலும் நோன்போடு ஆடுவார். 1995 பிப்ரவரி முழுக்க ரமலான். அந்த மாதத்தின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் போனது. இதைக் காட்டி ‘அவர் செய்யவில்லையா?’ என்று பிள்ளைகளைக் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் ஹாஷிம் ஆம்லாவைக் காட்டுவேன். 2012 ஜூலை, லண்டன் ஓவல் மைதானம், ரமலான் மாதம். ஆட்டமிழக்காமல் 311 ரன். தென்னாப்பிரிக்கர் ஒருவரின் முதல் டெஸ்ட் முச்சதம். பயணத்தில் இருப்பதால் நோன்பு வைக்கவில்லை, ஊருக்குப் போய் ஈடு செய்துவிடுவேன் என்று எளிமையாகச் சொன்னார். பயணிக்கு அந்தச் சலுகையைக் குர்ஆனே கொடுக்கிறது. இதே ஆம்லா தன் சட்டையில் பீர் நிறுவனத்தின் சின்னத்தைப் போட மாட்டேன் என்று நின்றவர். எங்கே வளையலாம், எங்கே வளையக் கூடாது என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை.

இதற்கு நேர்மாறாக, 2025 மார்ச்சில் துபாயில் சாம்பியன்ஸ் டிராஃபி அரையிறுதியில் முகமது ஷமி பானம் ஒன்றைக் குடிக்கும் காட்சி பரவியது. ரமலானில் குடித்துவிட்டார் என்று ஒரு மதகுரு அவரைக் குற்றவாளி என்றே சொன்னார். வெளியூரில், வெயிலில், நாட்டுக்காகப் பந்து வீசிக்கொண்டிருந்த மனிதர்! எனக்கு அதைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. நோன்பு அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் இடையிலான விஷயம். பிறர் வந்து தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தால், வீரருக்குத் தெம்பு கொடுக்க வேண்டிய நம்பிக்கையே அவர் தலையில் இன்னொரு சுமையாக ஏறிவிடும்.

சுற்றியிருப்பவர்கள் கொஞ்சம் மனசு வைத்தால் எவ்வளவு எளிதாக முடியும் என்பதற்கும் ஒரு காட்சி இருக்கிறது. 2021 ஏப்ரலில் லெஸ்டர் சிட்டி, கிரிஸ்டல் பேலஸ் கால்பந்து ஆட்டம். நடுவிலேயே சூரியன் மறைகிறது. லெஸ்டரின் இளம் தடுப்பாட்டக்காரர் வெஸ்லி ஃபொஃபானா நோன்போடு ஆடிக்கொண்டிருக்கிறார். எதிரணிக் கோல்கீப்பர் குவைட்டா கோல் கிக்கை எடுக்காமல் சற்று நிறுத்திவைக்கிறார். ஃபொஃபானா ஓரத்துக்கு ஓடிப்போய் நோன்பு திறந்துவிட்டு வருகிறார். ஆட்டம் தொடர்கிறது, அவ்வளவுதான். பிறகு இங்கிலாந்தில் இப்படி நிறுத்த நடுவர்களுக்கே அறிவுரை வந்தது. பிரான்ஸ் கால்பந்துச் சம்மேளனம் மட்டும் இதற்காக ஆட்டத்தை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது.

விலை என்று பேசினால் முகமது அலியை விட்டுவிட முடியாது. 1967 ஏப்ரல் 28 அன்று தன் மதநம்பிக்கையைக் காரணம் காட்டி வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்க்கையை மறுத்தார். பட்டம் பறிபோனது, ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் வெளியே இருந்தார். 25 வயதிலிருந்து 28 வரை, ஒரு குத்துச்சண்டை வீரரின் பொன்னான ஆண்டுகளில், அவர் வளையத்துக்குள் காலே வைக்க முடியவில்லை. 1971-ல் உச்ச நீதிமன்றம் 8-0 என்று தண்டனையை ரத்து செய்தது. போன ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

நம் காலத்தில், நம் நாட்டிலேயே ஒருவரைப் பார்த்தோம். 2025 அக்டோபர் 30, மகளிர் உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியா வைத்த 339 என்ற இலக்கைத் துரத்தி ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127. முடிந்ததும் அழுதுகொண்டே பேசினார். அந்தத் தொடர் முழுக்கப் பதற்றத்தால் தவித்ததையும், அழுத நாட்களையும், நடுவில் ஓர் ஆட்டத்தில் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டதையும் மறைக்காமல் சொன்னார். கடைசிக் கட்டத்தில் உடம்பு ஓய்ந்துபோனபோது ‘நீ சும்மா நில், கடவுள் உனக்காகப் போராடுவார்’ என்ற வசனத்தைச் சொல்லிக்கொண்டே நின்றதாகச் சொன்னார். யாத்திராகமத்தில், முன்னால் கடலும் பின்னால் பார்வோன் படையுமாக நின்ற மக்களுக்குச் சொன்ன வார்த்தை அது. நம்பிக்கை ஒருவருக்கு என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் நான் கேட்டதில்லை. அவர் வீட்டாரையும் சக வீராங்கனைகளையும் நன்றியோடு குறிப்பிட்டார். பதற்றத்துக்கு உதவி கேட்பதில் வெட்கமில்லை என்றும் சொன்னார். அப்படியிருந்தும் இயேசுவின் பெயரைச் சொன்னதற்காக இணையத்தில் அவரைத் திட்டியவர்கள் இருந்தார்கள். திருநீறு பூசியவரைக் கொண்டாடிவிட்டு இவரைத் திட்டுவதோ, இவரைக் கொண்டாடிவிட்டுத் திருநீற்றைக் கேலி செய்வதோ நியாயமே இல்லை.

சரி, உங்கள் மைதானத்துக்கு வருவோம். நோன்பு வைக்கிற பிள்ளைகளுக்கு முதலில் குறைவது தூக்கம். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழுந்து, ராத்திரி தராவீஹ் தொழுகை முடிந்து படுத்தால் எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடினமான ஓட்டங்களை நோன்பு திறந்த பிறகுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் நோன்பு திறப்பதற்குச் சற்று முன் இலகுவாக வைத்து, உடனே தண்ணீர் கிடைக்கும்படி பாருங்கள். மதிய வெயிலில் வேண்டவே வேண்டாம். தலைசுற்றல் என்றால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும் என்பதை முதல் நாளே பெற்றோரிடமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை போட்ட பிள்ளைகளின் சைவச் சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் மரபில் புதனும் வெள்ளியும் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது, நீண்ட விரத காலங்கள் தனி. அந்த மரபில் வளர்ந்த மெசெரெட் டெஃபார் 2012 லண்டனில் 5000 மீட்டர் தங்கம் வென்று, சட்டைக்குள்ளிருந்து மாதாவும் குழந்தையும் உள்ள படத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். நம் பிள்ளைகளுக்குப் பாலும் தயிரும் உண்டு, பருப்பும் கொண்டைக்கடலையும் சேர்த்தால் போதும். செருப்பு விஷயத்தில் நீங்கள் வாதாட வேண்டாம். ஸ்பைக்ஸ் இல்லாமல் ஓடினால் என்ன ஆகும் என்று விளக்கிவிட்டு, குருசாமியிடம் அந்தப் பிள்ளையையே கேட்டு வரச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளுக்கு, போட்டி அட்டவணை வந்த அன்றே உட்கார்ந்து பேசிவிடுங்கள். எந்தப் போட்டியில் பங்கெடுப்பது, எதை விடுவது என்று அவர்கள் முடிவெடுக்கட்டும். விடுகிறார்கள் என்றால் வேறு எதற்குத் தயார் செய்யலாம் என்று பார்ப்பது உங்கள் வேலை.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. போட்டிக்கு முன் எல்லாரையும் வட்டமாக நிறுத்திப் பிரார்த்தனை செய்ய வைக்கும் வழக்கம் பல அணிகளில் இருக்கிறது. அமெரிக்காவில் பிரெமர்டன் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் மண்டியிட்டு ஜெபித்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022-ல் 6-3 என்று பயிற்சியாளர் பக்கம் தீர்ப்பானது. சட்டம் அங்கே எப்படியோ போகட்டும், மாணவர்கள் பக்கமிருந்து எழுந்த கவலை நியாயமானது: யார் ஆடுவது என்று முடிவு செய்கிறவர் ஜெபிக்கும்போது, சேராத பையனுக்கு ‘என்னை வெளியே உட்கார வைத்துவிடுவாரோ’ என்ற பயம் வரும். அதனால் வட்டம் வேண்டாம். ஓட்டத்துக்கு முன் இரண்டு நிமிடம் அமைதியாக விடுங்கள். கும்பிடுகிறவர் கும்பிடட்டும், துஆ கேட்கிறவர் கேட்கட்டும், எதிலும் நம்பிக்கை இல்லாத பிள்ளை ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு மூச்சை இழுத்து விடட்டும்.